ஹோல்ஸ்டீன் ஈன்ற கறுப்புக் கன்று

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பால்பண்ணைகளில் தாய்ப்பசுக்கள் பெரும்பாலும் ஒரே சாடை. இடுப்பெலும்பு துருத்தும் உயரமான உடம்பு, பெருத்த மடி, கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டான தோல். ஹோல்ஸ்டீன் இனம். கன்றுகள் இருக்கும் பக்கம் போனால் அந்தச் சாயல் பல கன்றுகளிடம் இல்லை. தலை முதல் வால் வரை கறுப்பு. வயிற்றடியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் வெள்ளை. கொம்புக் குருத்து கிடையாது. தொடையிலும் தோளிலும் பிறக்கும்போதே ஒரு திரட்சி. இவற்றின் அப்பன் ஆங்கஸ், ஸ்காட்லாந்திலிருந்து வந்த இறைச்சி இனம். தாய் பாலுக்காக வளர்க்கப்படுகிறது. அதன் வயிற்றில் பிறந்த கன்று கறிக்காகப் பிறந்திருக்கிறது.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட கன்றுகள் அமெரிக்காவில் அபூர்வம். இப்போது ஆண்டுக்கு முப்பது லட்சத்தை ஒட்டிப் பிறப்பதாக மதிப்பிடுகிறார்கள். பால்பண்ணைகளுக்கு இறைச்சி இன உறைவிந்து 2023-இல் மட்டும் சுமார் 80 லட்சம் குச்சிகள் விற்றிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வேறுபாட்டை அளக்கக் கற்றுக்கொண்டதால் நடந்த மாற்றம் இது. அதனால் ஒரு கன்றுக்குப் பிறந்த முதல் நாளே கிடைக்கும் கவனிப்பு வேறாகிவிட்டது. என்னை இந்த விஷயத்தில் பிடித்து நிறுத்துவது அந்த இரண்டாவது பகுதிதான். ஆனாலும் முதல் பகுதியிலிருந்து வந்தால்தான் அது விளங்கும்.

பால் கறக்க வேண்டுமானால் பசு ஈன வேண்டும். ஈன்ற பின் சுமார் பத்து மாதம் கறவை. அதற்குள் மறுபடி சினை பிடித்து, 280 நாள் போலச் சுமந்து அடுத்த ஈத்து. பசு பண்ணையில் இருக்கும்வரை ஏறக்குறைய ஆண்டுக்கொரு கன்று. அதில் பாதி காளை. அமெரிக்கப் பசு ஒன்று இன்று சராசரியாக ஆண்டுக்கு 11,000 கிலோவை நெருங்கிப் பால் தருகிறது. தின்பதெல்லாம் மடிக்கே போய்ச் சேரும்படி பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய உடம்பு அது. அதே உடம்புதான் கூடப்பிறந்த காளைக்கும் வாய்க்கிறது. நீண்ட எலும்பு, பெரிய குடல், பெரிய கல்லீரல், மெலிந்த தொடை. அந்தக் குடலையும் கல்லீரலையும் இயக்கவே நிறைய தீனி செலவாகிறது. ஆகவே ஹோல்ஸ்டீன் காளை கூடுதலாகத் தின்று குறைவாகச் சதை போடும். அறுத்தால் உடல் எடையில் 58, 59 சதவீதம்தான் எலும்போடு கூடிய இறைச்சியாகத் தேறும். இறைச்சி இன மாட்டில் 62, 63 தேறும்.

மூன்று நான்கு சதவீதம் கேட்கச் சின்னதுதான். ஆனால் அந்த இடைவெளியில் எத்தனையோ கன்றுகளின் உயிர் போயிருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்து நான்கைந்து நாளான கன்றுகளை லாரியில் ஏற்றி அறுப்புக்கு அனுப்புவது நீண்டகால வழக்கம். பிரிட்டனில் பல பண்ணைகள் காளைக் கன்றைப் பிறந்த உடனே சுட்டுக் கொன்றன. வளர்த்தால் ஆகும் தீனிச் செலவு விற்றால் வரும் பணத்தைவிட அதிகம் என்பதே காரணம். அங்கே விவசாயிகள் சங்கம், விலங்கு நல அமைப்புகள், பால் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து, 2023-க்குள் இந்தக் கொலையை ஒழிப்பது என்று 2020-இல் ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் காளைகளை வளர்த்துக் கறியாக்கும் பழக்கம் இருந்தது. 2017 வாக்கில் ஒரு பெரிய இறைச்சி நிறுவனம் அவற்றை வாங்குவதை நிறுத்தியதும் விலை சரிந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிறந்த கன்று 50 டாலருக்குக் கீழே போயிற்று. சில சந்தைகளில் பத்து டாலர் கிடைப்பதே கஷ்டம். கன்றைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் டீசல் செலவுக்குக்கூட அது போதாது.

பால் இனப் பசுவை இறைச்சி இனக் காளையோடு சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும் என்பது புதிய யோசனை இல்லை. பிரிட்டனில் ஃப்ரீஷியன் பசுக்களோடு ஹியர்ஃபோர்டு காளையைச் சேர்க்கும் வழக்கம் பல தலைமுறைப் பழமையானது. ஹியர்ஃபோர்டின் முகம் வெள்ளை. அந்த வெள்ளை முகத்தைத் தரும் மரபுக்கூறு ஓங்கு தன்மை உடையது, அதாவது அப்பனிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், கன்றின் முகம் வெளுத்துவிடும். சந்தையில் கன்றை வாங்க வருபவர் சான்றிதழ் எதுவும் கேட்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தாலே அப்பன் யார் என்பது தெரியும், அதன் தொடையில் சதை பிடிக்கும் என்பதும் தெரியும். ஷரோலே காளையின் கன்று சாம்பல் நிறமாக வரும். ஆங்கஸ் கன்று முழுக் கறுப்பாக வரும், ஏனென்றால் ஒரே நிறத் தன்மை திட்டுத் தன்மையை அடக்கிவிடுகிறது. கொம்பில்லாத் தன்மையும் அப்படியே. மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் மாட்டு வியாபாரிகள் கன்றின் தோலிலேயே மரபியலைப் படித்திருக்கிறார்கள்.

அப்படியானால் இவ்வளவு காலம் எல்லாப் பசுவுக்கும் இறைச்சி இனக் காளையைச் சேர்க்காமல் விட்டது ஏன்? பண்ணைக்குக் கிடேரி வேண்டும். அமெரிக்கப் பண்ணைகளில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுக்கள் கழிந்துபோகின்றன. மடிநோய், கால் ஊனம், சினை பிடிக்காமை, வயது என்று காரணம் பல. நூறு பசுக்கள் உள்ள பண்ணையில் முப்பத்தைந்து, நாற்பது இடத்துக்குப் புதிய கிடேரிகள் வர வேண்டும். நூறு ஈத்தில் ஐம்பது கிடேரி பிறக்கும். நோயிலும் சினைப் பிரச்சினையிலும் சில போய்விடும். மீதி சரியாகத்தான் இருக்கும். ஒரு பசுவைக்கூட இறைச்சிக் காளைக்குத் தர முடியாது. கிடேரி வேண்டுமென்றால் சரிபாதி காளைக் கன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது நூற்றாண்டுகளாக மாறாத சட்டமாக இருந்தது.

அந்தச் சட்டத்தை உடைத்தது ஒரு லேசர்க் கதிர்.

கன்று ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது காளையின் விந்தணு. எக்ஸ் குரோமோசோமைச் சுமந்து வந்தால் கிடேரி, ஒய் குரோமோசோமைச் சுமந்து வந்தால் காளை. எக்ஸ் பெரியது, ஒய் சிறியது. அதனால் மாட்டின் எக்ஸ் விந்தணுவுக்குள் டிஎன்ஏ சுமார் 4 சதவீதம் கூடுதலாக இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி நீந்தும், ஒரே வடிவம். வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியும் என்று சொன்ன எந்த முறையும் நம்பும்படி வேலை செய்யவில்லை. உண்மையில் அளக்கக்கூடிய ஒரே வேறுபாடு அந்த 4 சதவீதம்தான்.

அமெரிக்க வேளாண் துறைக்கு மேரிலாந்தில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் பெரிய ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே லாரன்ஸ் ஜான்சனும் அவருடைய குழுவினரும் அந்த 4 சதவீதத்தை ஒளியாக மாற்றினார்கள். டிஎன்ஏ-வோடு ஒட்டிக்கொள்ளும் ஹெக்ஸ்ட் 33342 என்ற சாயத்தில் விந்தணுக்களை ஊறவைத்தார்கள். புறஊதா ஒளி பட்டால் அந்தச் சாயம் நீலமாக ஒளிரும். டிஎன்ஏ கூடுதலாக இருக்கும் விந்தணு சற்றே கூடுதலாக ஒளிரும். பிறகு விந்தணுக்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக மெல்லிய நீர்த்தாரையில் லேசர் முன்னால் ஓடவிட்டார்கள். கருவி ஒவ்வொன்றின் ஒளியையும் அளக்கும். அடுத்த கணம் தாரை நுண்துளிகளாக உடையும். எக்ஸ் இருக்கும் துளிக்கு ஒரு மின்னேற்றம், ஒய் இருக்கும் துளிக்கு எதிர் மின்னேற்றம். இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே விழும்போது ஒன்று இடப்பக்கம் விலகும், மற்றது வலப்பக்கம் விலகும். தனித்தனிக் குழாயில் சேரும்.

சொல்லும்போது எளிது. மாட்டின் விந்தணுத் தலை தட்டையானது. தட்டைப் பக்கம் கருவியைப் பார்த்தால் ஓர் ஒளி, விளிம்பு பார்த்தால் வேறோர் ஒளி. அந்த வேறுபாடு 4 சதவீதத்தைவிடப் பெரியது, தேடுவதையே மூழ்கடித்துவிடும். அதனால் ஒவ்வொரு விந்தணுவும் சரியான கோணத்தில் திரும்பி வரும்படி தாரையின் முனையையே வேறு விதமாக வடிவமைக்க வேண்டியிருந்தது. திரும்பாதவற்றைக் கழித்துவிட வேண்டும். கருவி நொடிக்குப் பல ஆயிரம் விந்தணுக்களைப் பார்த்தாலும் தேறுவது அதில் ஒரு பங்குதான்.

1989-இல் ஜான்சன் குழு முயல்களில் வெற்றியை அறிவித்தது. எக்ஸ் என்று பிரித்த விந்தில் பிறந்த குட்டிகளில் 94 சதவீதம் பெண், ஒய் என்று பிரித்ததில் 81 சதவீதம் ஆண். பிறக்கும் உயிரின் பாலினத்தை விந்தணுவிலேயே தேர்ந்தெடுக்கும் முறை முதன்முறையாக உறுதியாக வேலை செய்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிட்டனிலும், சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலும் பாலினம் பிரித்த மாட்டு விந்து விற்பனைக்கு வந்தது. சாதாரணக் குச்சியில் ஒன்றரை, இரண்டு கோடி விந்தணு இருக்கும். பிரித்ததில் அப்போது பத்தில் ஒரு பங்குதான், சுமார் 20 லட்சம். அதனாலும், சாயம், லேசர், அழுத்தம் எல்லாம் தாண்டி வந்த களைப்பாலும் சினை பிடிப்பது கொஞ்சம் குறைவு. ஆனாலும் பத்தில் ஒன்பது ஈத்து கிடேரி.

நம் ஊட்டியிலும் இப்படிப் பிரித்த விந்தைத் தயாரிக்கும் நிலையம் இயங்குகிறது. இங்கே தேவை வேறு. ஜெர்சிக் கலப்பினக் காளைக்குத் திமில் தேறாது, வெயில் தாங்காது, ஏருக்கும் வண்டிக்கும் சரிப்படாது. ஏரையும் வண்டியையும் டிராக்டர் எடுத்துக்கொண்டும் விட்டது. ஆகவே கிடேரி மட்டும் பிறந்தால் போதும் என்பதோடு நம் கணக்கு நின்றுவிடுகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது இன்னொரு படி மேலே போனது.

கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நூறு ஈத்தில் நாற்பத்தைந்தைப் பிரித்த விந்துக்கு ஒதுக்கினால் நாற்பது கிடேரி கிடைத்துவிடும். மீதி ஐம்பத்தைந்து பசுக்களின் கருப்பை விடுதலையாகிவிட்டது. அவற்றிடமிருந்து பண்ணைக்கு வாரிசு தேவையில்லை, பால் சுரக்கச் சினை மட்டும்தான் தேவை. அங்கேதான் ஆங்கஸ் வருகிறது.

எந்த நாற்பத்தைந்து என்பதைத் தீர்மானிக்க இன்னொரு அறிவியல் கைகொடுத்தது. மாட்டின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து முடித்த செய்தி 2009-இல் வெளியானது. படிக்கப்பட்டது மொன்டானா மாநிலத்து மைல்ஸ் சிட்டி ஆய்வுப் பண்ணையில் வளர்ந்த டொமினெட் என்ற ஹியர்ஃபோர்டு பசு. அதே ஆண்டு அமெரிக்காவில் மரபணுச் சோதனையை வைத்துப் பால் மாடுகளை மதிப்பிடுவதும் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. காதிலிருந்து ஒரு சின்னத் துணுக்கு எடுத்து அனுப்பினால், அந்தக் கிடேரி வளர்ந்து எவ்வளவு பால் தரும், மடிநோயைத் தாங்குமா, சினை எளிதில் பிடிக்குமா என்ற மதிப்பீடு வந்துவிடும். முன்பெல்லாம் இதை அறிய மகள்கள் ஈன்று கறவைக்கு வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது பட்டியலின் மேல் பாதிக்குப் பிரித்த விந்து, கீழ்ப் பாதிக்கு இறைச்சி இன விந்து.

தொடக்கத்தில் பல பண்ணைகள் காளையைத் தேர்வதில் அக்கறை காட்டவில்லை. கறுப்பாக இருந்தால் போதும் என்று கிடைத்த மலிவான ஆங்கஸ் விந்தை வாங்கினார்கள். அமெரிக்கச் சந்தையில் கறுப்புத் தோலுக்குத் தனி மதிப்பு உண்டு. 1978-இல் தொடங்கிய சர்டிஃபைடு ஆங்கஸ் பீஃப் முத்திரையைப் பெற மாட்டின் தோல் பெரும்பாலும் கறுப்பாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஆனால் தோல் மட்டும் கறுப்பாகி, உள்ளே எலும்பு தாயைப் போலவே நீண்டிருந்தால் மேய்ப்பவருக்கும் அறுப்பவருக்கும் ஏமாற்றம்தான். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் பால்பண்ணைக்கு ஏற்ற இறைச்சிக் காளை எது என்ற ஆராய்ச்சி சூடுபிடித்தது. 2015-இல் ஐரோப்பியப் பால் ஒதுக்கீடு நீங்கியதும் அயர்லாந்தில் பசுக்கள் பெருகின, கன்றுகளும் பெருகின. அங்கே 2019-இல் இதற்கென்றே காளைகளைத் தரவரிசைப்படுத்தும் ஒரு குறியீடு வந்தது. எளிதாக ஈனுமா, சினைக்காலம் நீளுமா, சதை எப்படி என்று மூன்றையும் எடைபோடும் குறியீடு.

சினைக்காலம் ஏன்? லிமோசின் காளையின் கன்றைச் சுமக்கும் பசு ஒரு வாரம் கூடுதலாகச் சுமக்கலாம். அந்த ஒரு வாரம் பால் இல்லை. நாளைக்கு முப்பத்தைந்து லிட்டர் கறக்கும் பசுவில் அது பெரிய இழப்பு. கன்று பெரிதாகி ஈத்து கடினமாகிவிட்டால் இழப்பு இன்னும் பெரிது, பசுவுக்கு வலியும் பெரிது.

சதைக்கு வருவோம். பெல்ஜியன் புளூ என்ற இனத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தொடையும் முதுகும் தோலைப் பிளந்துகொண்டு வருவதுபோல் சதை இரட்டிப்பாகத் திரண்டிருக்கும். இதன் காரணம் 1997-இல் தெரிந்தது. தசை வளர்ந்தது போதும் என்று உடலுக்கு உத்தரவிடும் மையோஸ்டேட்டின் என்ற புரதம் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா மெக்ஃபெரானும் சே ஜின் லீயும் எலிகளில் அந்த மரபணுவை நீக்கியபோது எலிகள் தசைமலைகளாயின. அதே ஆண்டு பெல்ஜியன் புளூவின் அந்த மரபணுவில் டிஎன்ஏ-வின் பதினோரு எழுத்துகள் காணாமல் போயிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உத்தரவு பிறப்பதில்லை, தசை வளர்ந்துகொண்டே போகிறது. தூய பெல்ஜியன் புளூக் கன்றுகளில் பெரும்பாலானவை வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட உயிரை வேண்டுமென்றே உருவாக்கிக்கொண்டே இருப்பது எனக்கு ஏற்கவில்லை. ஆனால் அதே காளையின் விந்து ஹோல்ஸ்டீன் பசுவில் சேரும்போது, குறையுள்ள பிரதி ஒன்றுதான் கன்றுக்குப் போகிறது. தாய் தந்த நல்ல பிரதி பாதி உத்தரவைப் பிறப்பிக்கிறது. சதை அளவோடு கூடுகிறது. அகன்ற இடுப்பெலும்புள்ள ஹோல்ஸ்டீன் அதைப் பெரும்பாலும் தானாகவே ஈன்றுவிடுகிறது.

தாயிடமிருந்து கன்றுக்கு வருவதெல்லாம் குறைகள் அல்ல. தசைக்குள் கொழுப்பு மெல்லிய இழைகளாகப் பரவும் தன்மை ஹோல்ஸ்டீனுக்கு நன்றாகவே உண்டு. அமெரிக்கத் தர நிர்ணயத்தில் முதலில் பார்ப்பது அதைத்தான். விலா எலும்பை ஒட்டிய சதைத் துண்டு ஹோல்ஸ்டீனில் நீண்டு ஒடுங்கி மூலைகளோடு இருக்கும், தட்டில் வைத்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கன்றுக்கு அப்பன் அந்தத் துண்டின் உருண்டை வடிவத்தைத் தருகிறது, தாய் கொழுப்பிழையைத் தருகிறது.

இனி பிறந்த நாளுக்கு வருவோம். மனிதக் குழந்தை தாயின் நோயெதிர்ப்புப் புரதங்களை நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்த வழி இல்லை. பசுவின் நஞ்சில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் இடையே திசு அடுக்குகள் அதிகம், அந்தப் பெரிய புரதங்களால் கடந்து போக முடியாது. ஆகவே கன்று பூமியில் விழும்போது நோயை எதிர்க்கும் ஆயுதம் ஏறக்குறைய ஒன்றுகூட இல்லாமல் விழுகிறது. எல்லாம் சீம்பாலில் இருக்கிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் எதிர்ப்புப் புரதம் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளக் கன்றின் குடல் பிறந்த சில மணி நேரத்துக்கு மட்டும் திறந்திருக்கிறது. புரதத்தைச் செரிக்காமல் முழுசாகவே ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அந்தக் கதவு சாத்திக்கொண்டே வரும். ஒரு நாள் ஆனால் மூடிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் அது வெறும் சத்து, ரத்தத்தில் காவலாகச் சேராது.

நாற்பது கிலோக் கன்றுக்கு முதல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் நான்கு லிட்டர் தர வேண்டும் என்பது கணக்கு. சீம்பாலின் தரத்தைப் பண்ணையிலேயே பார்த்துவிடலாம். கரும்புச் சாற்றின் இனிப்பை அளக்கும் அதே பிரிக்ஸ் கருவியில் ஒரு சொட்டு விட்டு 22-க்கு மேல் காட்டினால் நல்ல சீம்பால். நம் வீடுகளில் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்துத் தெருவுக்கே கொடுக்கும் அருமையான வழக்கம் உண்டு. கன்று வயிறு நிரம்பக் குடித்து மிஞ்சியதில் அதைச் செய்யலாம். முதல் கறவை கன்றுக்கு உரியது.

இதெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த அறிவியல். கிடேரிக் கன்றுக்கு அது ஒழுங்காக நடந்தது, ஏனென்றால் அது நாளைய பசு. பத்து டாலர் காளைக் கன்றுக்குப் பல பண்ணைகளில் சீம்பால் பிந்தியும் குறைந்தும்தான் கிடைத்தது. நள்ளிரவில் பிறந்தால் காலை வரை யாரும் எழவில்லை. யாரையும் கொடியவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. தூக்கம் கெட்ட வேலையாளுக்கு எந்தக் கன்று முதலில் என்ற முடிவை விலைதான் எடுத்துக் கொடுத்தது. கலப்பினக் கன்று இன்று ஆயிரம் டாலரைத் தாண்டி விற்கிறது. ஒரு துளி ரத்தம் எடுத்து அதில் புரதம் எவ்வளவு என்று சோதிக்கும் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எந்தப் பண்ணைக் கன்று சீம்பால் குடித்தது, எது குடிக்கவில்லை என்பது அந்தத் துளியில் தெரிந்துவிடும். காளைக் கன்றுக்காகவும் இப்போது இரவில் விளக்கு எரிகிறது.

பயணம் என்ற தொல்லை தீரவில்லை. அமெரிக்காவில் ஓரிரு நாள் கன்றுகளை லாரியில் ஏற்றி வடகிழக்கிலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் கான்சாஸ், டெக்சாஸ் வரை நெடுந்தொலைவு கொண்டுபோகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாளாகாத கன்றை நூறு கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, எட்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணத்துக்குப் பதினான்கு நாளாவது ஆகியிருக்க வேண்டும். தொப்புள் காயாத கன்றுக்கு அந்த விதியின் பாதுகாப்பு எல்லா நாட்டிலும் வேண்டும்.

போய்ச் சேரும் இடம் கன்றுப் பண்ணை. வெள்ளைப் பிளாஸ்டிக் குடில்கள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு கன்று, சில இடங்களில் பல்லாயிரம். இரண்டு வேளை பால். கூடவே முதல் வாரத்திலிருந்தே கைப்பிடி தானியத் தீவனமும் தண்ணீரும். பிறந்த கன்று அசைபோடும் விலங்கே இல்லை. நான்கு வயிற்றறைகளில் முதல் அறையான ரூமன் அப்போது சுருங்கிக் கிடக்கும். பால் அதற்குள் போகாது. உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முனையில் ஒரு மடிப்பு மூடிக் குழாயாகி, பாலை நேரே நான்காம் அறைக்கு அனுப்பிவிடும். தானியம் மட்டும் ரூமனில் விழும். அங்கே குடியேறிய நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக் அமிலம், உட்சுவரில் விரல் விரலாக நீட்சிகளை முளைக்கவைக்கிறது. அந்த நீட்சிகள் வளர்ந்த பிறகுதான் பாலை நிறுத்த முடியும். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம். நுண்ணுயிர்களின் கழிவு ஒரு விலங்கின் வயிற்றைக் கட்டி எழுப்புகிறது என்பதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தத் தானியமே பின்னால் பகையாகவும் வருகிறது. மேய்ச்சல் நிலத்தில் தாயோடு வளரும் இறைச்சி இனக் கன்று, ஏழெட்டு மாதம் பாலும் புல்லும் தின்றுவிட்டுத்தான் தானியக் கொட்டிலுக்கு வருகிறது. பால்பண்ணைக் கலப்பினமோ குழந்தைப் பருவத்திலிருந்தே தானியத்தில் வளர்கிறது. பதின்மூன்று, பதினான்கு மாத வயதில் 600 கிலோவைத் தாண்டும்வரை அதே தீனி. ரூமனில் அமிலம் ஏறி உட்சுவர் புண்ணாகும்போது, ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டியாகிறது. அறுப்புக் கூடங்களில் கலப்பினங்களின் கல்லீரலில் இந்தக் கட்டிகள் இறைச்சி இனத்தைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. தீனியின் கால நீளம் மட்டுமே காரணமா, வேறு ஏதாவது உண்டா என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வளரும் பருவத்தில் கூடுதலாக வைக்கோலும் புல்லும் தர வேண்டும் என்பது என் துணிபு. எடை மெதுவாக ஏறினால் ஏறட்டும்.

சுற்றுச்சூழல் கணக்கிலும் இந்தக் கன்றுக்குத் தனி இடம். இறைச்சிக்காக மட்டும் வளர்க்கும் மந்தையில், ஆண்டு முழுக்கத் தாய் விடும் மீத்தேன் ஒரே ஒரு கன்றின் தலையில் விழுகிறது. பால்பண்ணையில் அந்தச் சுமையில் பெரும்பகுதியைப் பால் ஏற்றுக்கொள்கிறது. 2018-இல் பூரும் நெமெசெக்கும் உலகெங்கும் உள்ள பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி வெளியிட்ட ஆய்வின்படி, பால் மந்தையிலிருந்து வரும் மாட்டிறைச்சியின் பசுங்குடில் வாயு, இறைச்சி மந்தையினதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு.

அமெரிக்கச் சமவெளிகளில் வறட்சி தொடர்ந்ததால் மேய்ச்சல் மந்தைகள் சுருங்கிவிட்டன. 2025 ஜனவரியில் நாட்டின் மொத்த மாடுகள் 8.67 கோடி, 1951-க்குப் பிறகு மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆகவே பால்பண்ணைக் கன்றுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டே போனது. பண்ணைகளும் மேலும் மேலும் பசுக்களை ஆங்கஸ் பக்கம் திருப்பின. விளைவு, அதே ஜனவரிக் கணக்கில் வளரும் பால் கிடேரிகள் 39 லட்சமாகக் குறைந்திருந்தன. 1978-க்குப் பிறகு அவ்வளவு குறைவாக இருந்ததில்லை. 2025-இல் சினைக் கிடேரி ஒன்றின் விலை 3,000 டாலரை எட்டியது. கழிக்க வேண்டிய பசுவை மாற்றக் கிடேரி இல்லாமல் இன்னும் ஒரு ஈத்து வைத்திருக்கிறார்கள். சில பண்ணைகள் மறுபடியும் கூடுதல் பசுக்களுக்குப் பிரித்த ஹோல்ஸ்டீன் விந்தைப் போடத் தொடங்கியிருக்கின்றன. அந்தக் கன்று பிறக்க ஒன்பது மாதம், வளர்ந்து சினையாகி முதல் ஈத்துக்கு வர இன்னும் இரண்டு ஆண்டு. இன்று போடும் ஊசியின் பால் பாத்திரத்தில் விழ ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும்.